வாத்துப் போட், சின்டர்க்ளாஸ், வற்றாப்பளை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில ஒல்லாந்துக்காரர் பண்டிகைக்கு விளையாடுற படம் போட்ட போட் (காய் நகர்த்துற அட்டை) விளையாட்டுகளைப் பற்றி ஒரு சின்னப் பெட்டிச்செய்தி போட்டிருந்தம், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும் எண்டு இங்க ஆரும் நினைக்கேல்ல. வன்னியில எத்தினை வீட்டு அலுமாரிக்கு மேல ஹொலண்டில இருந்து வந்த விளையாட்டுப் பெட்டி பிரிக்காமலே கிடக்கு எண்டு இப்பதான் விளங்குது. இந்த முறை பக்கம் முழுக்க அதுக்கே.

கேள்வி: அக்கா குடும்பம் ஹொலண்டில. அனுப்பின பார்சலுக்குள்ள ஒரு போட், நத்தைச் சுருள் மாதிரி 63 கட்டம், அங்கங்க வெள்ளை வாத்து, கடைசிக்குக் கிட்ட ஒரு மண்டையோடு. ரூல்ஸ் எல்லாம் அவையின்ர பாசையில. அக்காவைக் கேட்டா "பாம்பும் ஏணியும் மாதிரித்தான்டி" எண்டிட்டு போனை வைக்கிறா. மகள் விடுறாளில்லை. எப்பிடி விளையாடுறது? (வாசகி, கிளிநொச்சி)

பதில்: தங்கச்சி, அக்கா சொன்னதில பாதி சரி. இதுக்குப் பேர் ஹான்சன்போர்ட், வாத்துப் போட். தாயக்கட்டை ரெண்டு வேணும், ரெண்டையும் சேத்துப் போட்டு விழுற கூட்டுத்தொகைக்குக் காயை நகர்த்துங்கோ. வாத்து நிக்கிற கட்டத்தில போய் விழுந்தா அதே எண்ணிக்கையை இன்னொருக்கா எண்ணலாம், திரும்பவும் வாத்து எண்டா திரும்பவும் எண்ணலாம், பிள்ளையளுக்கு இதுதான் குதூகலம். 6 ஒரு பாலம், அதில விழுந்தா நேர 12க்குப் போகலாம். 19 சத்திரம், சாப்பிட்டுக் குடிச்சு இருந்திட்டார் எண்டு ஒரு தரம் விட்டுக்குடுக்க வேணும். 31 கிணறு, விழுந்தா விழுந்ததுதான், இன்னொருத்தர் அந்தக் கட்டத்துக்கு வந்து மாட்டும் வரைக்கும் உள்ளுக்கையே இருக்க வேணும், வந்தவர் உள்ள, நீங்கள் வெளியில. 42 சிக்குப்பாதை, பின்னுக்குப் போகவேணும், எந்தக் கட்டத்துக்கு எண்டது போட்டுக்குப் போட் மாறும், 39 எண்டும் இருக்கு 37 எண்டும் இருக்கு, உங்கட போட்டில 42க்குப் பக்கத்தில எழுதியிருக்கிற இலக்கத்தைப் பாருங்கோ. 52 மறியல், அங்கயும் இன்னொருத்தர் வரும் வரைக்கும் இருக்கிறதுதான் வழமை. 58தான் மண்டையோடு, அதில மிதிச்சா முதலில இருந்து. 63க்குச் சரியாப் போய் விழ வேணும், கூட விழுந்தா மிச்சத்தைப் பின்பக்கமா எண்ண வேணும், அப்பிடிப் பின்னுக்கு வரேக்கதான் கனபேர் அந்த மண்டையோட்டில போய் ஏறுறது.

இன்னொண்டு. 26ஆம் கட்டத்திலயும் 53ஆம் கட்டத்திலயும் தாயக்கட்டைப் படம் கீறியிருக்கும், அது அலங்காரம் இல்லை. முதல் போடுறதிலயே 9 விழுந்தா என்ன நடக்கும் எண்டு கணக்குப் பாருங்கோ: 9 வாத்து, 18 வாத்து, 27, 36, 45, 54 எல்லாம் வாத்து, அடுத்தது 63, ஒரே மூச்சில விளையாட்டு முடிஞ்சு போகும். அதைத் தடுக்கத்தான் ஒரு விசேஷ ரூல் வச்சிருக்கினம், முதல் தரம் 6ம் 3ம் விழுந்தா 26க்குப் போ, 5ம் 4ம் விழுந்தா 53க்குப் போ எண்டு. நானூறு வருசத்துக்கு முந்தி ஆரோ ஒரு ஆள் குந்தியிருந்து இந்த ஓட்டையைக் கண்டுபிடிச்சு அடைச்சிருக்கிறார் எண்டு நினைக்க எனக்கு இப்பவும் புளுகம்தான்.

அந்த ஆள் ஒல்லாந்தரும் இல்லை. இது இத்தாலியில இருந்து வந்த விளையாட்டு, 1574இல இருந்து 1587 மட்டும் புளோரன்ஸை ஆண்ட பிரான்செஸ்கோ த மெடிச்சி ஸ்பெயின் ராசா ரெண்டாம் பிலிப்புக்கு ஒரு செட் பரிசா அனுப்பினவராம், 1597இல லண்டனில அச்சடிக்கப் பதிவு செஞ்சிருக்கினம். வேற ஊர்களிலயும் இண்டைக்கும் விளையாடுகினம், ஆனா ஒல்லாந்தில சின்னப்பிள்ளை இருக்கிற வீடெண்டா இது இருக்கும் எண்ட மாதிரி நிலைச்சுப்போச்சு. முந்தி தண்டனைக் கட்டத்தில விழுந்தவர் நடுவில காசு வைக்க வேணும், வெண்டவர் எல்லாத்தையும் அள்ளுவார். நீங்கள் கச்சான் வையுங்கோ, மகள் வெண்டா சாப்பிடட்டும்.

கேள்வி: இது சாதாரண விளையாட்டுத்தானே, இதைப் போய் ஒல்லாந்தற்ற பண்டிகையோட ஏன் முடிச்சுப் போடுறியள்? நத்தாருக்கு விளையாடுறதோ? (வாசகர், முள்ளியவளை)

பதில்: நத்தாருக்கு இல்லைத் தம்பி, அதுக்கு முந்தின சின்டர்க்ளாஸுக்கு. பிள்ளையளைப் பொறுத்தவரை அங்க பெரிய பண்டிகை அதுதான். புனித நிக்கலஸ் திருநாள் டிசம்பர் 6, ஒல்லாந்தில கொண்டாடுறது அதுக்கு முதல்நாள் 5ஆம் திகதி பின்னேரம், பரிசுப்பொதி இரவு எண்டுவினம். நவம்பர் நடுப்பகுதியில சிவப்பு உடுப்பும் கூர்த்தொப்பியும் போட்ட மேற்றிராணியார் ஸ்பெயினில இருந்து நீராவிக்கப்பலில வந்து இறங்குவார், வருசம் ஒரு ஊர், 1952இல இருந்து டிவியில காட்டினம். அண்டையில இருந்து பிள்ளையள் ராவில சப்பாத்தை புகைக்கூட்டடியில வச்சு, குதிரைக்கு ஒரு கரட்டும் வச்சு, பாட்டுப் பாடிப்போட்டுப் படுக்குங்கள், விடியப் பாத்தா சப்பாத்துக்குள்ள சின்னச் சாமான் ஏதும் கிடக்கும். பேரின்ர முதல் எழுத்து வடிவில சொக்லேட், வாசனைச்சரக்குப் போட்ட ஸ்பெகுலாஸ் பிஸ்கட், விரல்நுனி அளவில உருண்டை பிஸ்கட், இதுகள்தான் அந்தக் காலத்துத் தீன்.

இப்ப நல்லாக் கவனியுங்கோ, டிசம்பர் அங்க நாலரைக்கே இருட்டிப்போடும், வெளியில குளிரும் மழையும், முழுக் குடும்பமும் ஒரு மேசையைச் சுத்தி. அப்பிடியான நாட்டில பண்டிகை எண்டா மேசைப்பண்டிகைதான், தேர் இழுக்கேலாது, மேசையில என்ன விரிக்கலாம் எண்டுதான் யோசிப்பினம். பத்தொன்பதாம் நூற்றாண்டில ஒரு சதத்துக்கு விக்கிற படத்தாள் எண்டு ஒரு யாவாரம் அங்க அமோகமா நடந்தது, மரக்கட்டையில செதுக்கி அச்சடிச்சு மேலால ரெண்டு மூண்டு நிறம் அவசரமாப் பூசின தாள், அதே அச்சுக்காரர்தான் வாத்துப் போட்டையும் தாளில அடிச்சு வித்தவை. பிறகு வாத்துக்குப் பதிலா என்ன படமும் போடலாம் எண்டு கண்டுபிடிச்சிட்டினம், ரயில் போட், நகர் போட், கடைக்காரர் விளம்பரத்துக்குச் சும்மா குடுக்கிற போட், கூடவே சின்டர்க்ளாஸ் படம் போட்ட போட்டும். கூரையில போற குதிரை, புகைக்கூடு, சப்பாத்து, பரிசுச் சாக்கு, எல்லாம் கட்டத்துக்குள்ள.

நான் ஒரு போட்டைப் பாத்தா வடிவான கட்டத்தைப் பாக்கிறேல்ல, தண்டனைக் கட்டத்தைத்தான் பாப்பன். ஒரு சனம் பண்டிகையில எதை விரும்புது எண்டு கடைக் கண்ணாடிக்குள்ளயே தெரிஞ்சிடும், எதுக்குப் பயப்பிடுது, எதைப் பிழை எண்டு நினைக்குது எண்டது ஒரு தரம் விட்டுக்குடு எண்டு எழுதியிருக்கிற இடத்திலதான் இருக்கு. சின்டர்க்ளாஸ் கதையில நல்ல பிள்ளைக்கு இனிப்பு, குழப்படிக்குப் பூவரசங்கம்பு மாதிரி ஒரு குச்சிக்கட்டு, இன்னும் குழப்படி எண்டா சாக்குக்குள்ள போட்டு ஸ்பெயினுக்குக் கொண்டு போறது. பழைய படத்தாளுகளில அந்தக் குச்சிக்கட்டும் சாக்கும் அடிக்கடி வரும், இப்ப கடையில விக்கிற சாமானில தேடினாலும் கிடைக்காது, பிள்ளையை வெருட்டிப் பண்டிகை கொண்டாடுறது அங்க இப்ப மோடன் இல்லை.

வளந்தவைக்கும் ஒரு தாயக்கட்டை விளையாட்டு இருக்கு, போட்டே தேவையில்லை. எல்லாரும் ரெண்டு மூண்டு சின்னப் பொதி கொண்டந்து நடுவில குவிக்க வேணும். 6 விழுந்தா ஒண்டை எடு, வேற இலக்கத்துக்கு இடப்பக்கத்தாருக்கு ஒண்டைக் குடு, எல்லாற்ற பொதியையும் ஒரு ஆள் தள்ளி மாத்து, விரும்பின ஆளோட மாத்து எண்டு வீட்டுக்கு வீடு சட்டம். முதல் சுத்து குவியல் முடியும் வரைக்கும், ரெண்டாஞ்சுத்து அலாம் வச்சிட்டு, அலாம் அடிக்கேக்க ஆற்ற கையில என்ன கிடக்கோ அது அவருக்கு. கனபேற்ற பொதிக்குள்ள கிடக்கிறது பழைய டோச்சும் ஒற்றை மேசும்தான், ஆனா அதுக்குப் பிடிக்கிற சண்டையைப் பாக்க வேணும்.

கேள்வி: எங்கட ஆக்கள் மடுவில வந்து ஒளிச்சதே ஒல்லாந்தற்ற கரைச்சலாலதான் எண்டு சின்னனில இருந்து கேட்டு வளந்தனான். கத்தோலிக்கத்தை மிதிச்சவை ஒரு மேற்றிராணியாருக்கு எப்பிடிப் பண்டிகை வைக்கினம்? (வாசகி, மடு வீதி)

பதில்: இந்த முறை வந்ததில எனக்கு மிச்சம் பிடிச்ச கேள்வி இதுதான் அக்கா. 1658இல யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச ஒல்லாந்தர் குருமாரைத் துரத்தி, பூசை வைக்கத் தடை போட்டு, 1670 அளவில மாந்தையில இருந்து இருவது குடும்பம் அளவில மாதாவின்ர சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக்காட்டுக்குள்ள வந்தது எண்டது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனா அதே வருசங்களில அவையின்ர சொந்த ஊரிலயும் இதே இழுபறிதான். போதகர்மார் புனிதருக்குத் திருநாள் வேண்டாம், அது பாப்பரசற்ற பழக்கம் எண்டு பிரசங்கம் செய்ய, சில நகரசபையள் நிக்கலஸ் சந்தையையும் அங்க விக்கிற மாவுப் பொம்மையையும் தடை செய்ய, கத்தோலிக்கர் வீட்டு மேல்மாடிக்குள்ள கோயில் கட்டி ஒளிச்சுப் பூசை பாத்தினம். அம்ஸ்ரடாமில 1663இல அப்பிடிக் கட்டின ஒரு மேல்மாடிக் கோயில் இண்டைக்கு மியூசியம், வெளியால பாத்தா சாதாரண வீடு.

சனம் என்ன செஞ்சது? சந்தையில வேண்டாம் எண்டா வீட்டுக்குள்ள செய்வம் எண்டிட்டுது. 1660களின்ர கடைசியில யான் ஸ்டேன் எண்ட ஓவியர், அவரும் கத்தோலிக்கர்தான், நிக்கலஸ் திருநாள் எண்டு ஒரு படம் கீறினவர், அம்ஸ்ரடாம் ரைக்ஸ்மியூசியத்தில தொங்குது. போனில எடுத்துப் பெருப்பிச்சுப் பாருங்கோ. நடுவில ஒரு சின்னப்பெட்டை பொம்மையை இறுக்கிக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு, தாய் கையை நீட்டக் குடுக்கமாட்டன் எண்டு நிக்கிறாள். இடப்பக்கம் அவளின்ர தமையன் கண்ணைக் கசக்கி அழுறான், அவன்ர சப்பாத்துக்குள்ள குச்சிக்கட்டுத்தான் கிடந்தது, சப்பாத்தை வச்சிருக்கிறவள் சிரிக்கிறாள், இன்னொரு பொடியன் அவனை விரலால காட்டிப் பகிடி பண்ணுறான். பின்னுக்குத் திரைச்சீலையடியில பாட்டி நிண்டு கையால வா எண்டு கூப்பிடுறா, அவவிட்ட அவனுக்கு ஏதோ ஒளிச்சு வச்சிருக்கு எண்டு பாக்கேக்கயே விளங்கும், எங்கட அம்மம்மாமார் செய்யிற அதே வேலை. வலப்பக்கம் ஒரு ஆள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புகைக்கூட்டை நோக்கிக் கையைக் காட்டுறார். நிலத்தில கூடை நிறையப் பலகாரம்.

படம் முழுக்கத் தேடிப்பாருங்கோ, மேற்றிராணியார் மட்டும் இல்லை. புனிதரை வெளியில விட்டிட்டுச் சப்பாத்தையும் குச்சியையும் பலகாரத்தையும் வீட்டுக்குள்ள வச்சுக்கொண்டினம், சட்டத்தால பிள்ளையின்ர சப்பாத்துக்குள்ள கை போடேலாது. பிறகு வந்த போட் விளையாட்டில இருக்கிற ஆக்களும் சாமானும் அனேகமா இந்தப் படத்தில இருக்கிற ஆக்களும் சாமானும்தான்.

அங்க தடையும் இஞ்ச தடையும் ஒண்டு எண்டு நான் சொல்ல வரேல்ல. அங்க ஒளிச்சுப் பூசை வச்சவன் ஊர் அதிகாரிக்குக் கையுக்குள்ள ஏதும் குடுத்தா ஓரளவு கண்டும் காணாம விட்டினம், இஞ்ச குடும்பத்தோட காட்டுக்குள்ள போகவேண்டி வந்தது. கோவாக் குருவானவர் யோசேப் வாஸ் அடிகளார் இந்தத் தடைக்குள்ள 1687இல இலங்கைக்கு மாறுவேசத்தில வந்து இறங்கின கதையும், 2015 ஜனவரி 14ஆம் திகதி காலமை கொழும்பில அவரைப் புனிதராக்கின பாப்பரசர் பிரான்சிஸ் அண்டைக்குப் பின்னேரமே மடுவுக்கு வந்ததும் உங்களுக்குத் தெரிஞ்சதுதான்.

கேள்வி: பழைய பெட்டி ஒண்டில மேற்றிராணியாருக்குப் பக்கத்தில முகம் முழுக்கக் கறுப்பு, பெரிய சிவத்தச் சொண்டு, காதில வளையம் போட்ட ஒரு வேலைக்காரன் நிக்கிறான். பிள்ளையள் ஆரெண்டு கேக்குதுகள். குடுக்கலாமோ எறியலாமோ? (வாசகர், மாங்குளம்)

பதில்: அது கறுப்புப் பீற் எண்டுற ஆள், இண்டைக்கு ஒல்லாந்துக் குடும்பங்களே பிளவுபட்டுச் சண்டை பிடிச்ச ஒரு விசயம். யான் ஸ்கெங்க்மன் எண்ட பள்ளிக்கூட வாத்தியார் 1850இல ஒரு படப்புத்தகம் போட்டவர், கப்பலில வாறதும் கூட ஒரு கறுப்பு வேலைக்காரன் வாறதும் அதாலதான் ஊரெல்லாம் பரவினது. அண்டைக்கு ஒல்லாந்தின்ர கொலனியளில அடிமை முறை சட்டப்படி இருந்தது, சூரினாமில 1863இலதான் நிப்பாட்டினவை. இஞ்சயும் அவை அடிமை வச்சிருந்தவை, கொழும்பில கொம்பனித்தெருவுக்கு இங்கிலீசில ஸ்லேவ் ஐலண்ட் எண்டு பேர் வந்ததே அதால.

புகைக்கூட்டுக்குள்ளால இறங்கினதால கரி பிடிச்சது எண்டு சமாதானம் சொல்லுவினம், சரி, கரி பிடிச்சா சொண்டு ஏன் சிவக்குது, மயிர் ஏன் சுருளுது, உடுப்பு ஏன் ஊத்தையாகேல்ல? 2011க்குப் பிறகு எதிர்ப்பு பலமாகி, 2019 அப்பல்டோர்னில நடந்த தேசிய வரவேற்பில முகத்தில நாலு கரிக்கோடு மட்டும் போட்ட பீற்மாரைத்தான் இறக்கினவை. 2023 யூலை 1ஆம் திகதி ராசாவே அடிமை முறைக்காக மன்னிப்புக் கேட்டார். புதுசா வாற போட்டுகளிலயும் பெட்டியளிலயும் பீற்றின்ர முகம் மாறிப்போச்சு.

எறியவேண்டாம். எட்டு வயசுக்கு மேற்பட்ட பிள்ளை எண்டா இருத்திவச்சு இதை அப்பிடியே சொல்லுங்கோ, எங்கட பிள்ளையளுக்கு இது விளங்காத விசயமில்லை. அதைவிடச் சின்னன் எண்டா இப்போதைக்கு அலுமாரிக்கு மேலயே கிடக்கட்டும்.

கேள்வி: என்ர மச்சான் 1000 துண்டுப் படமொண்டு அனுப்பினவன். அடுக்கி முடிச்சுப் பாத்தா நூறு பேர் ஒரே நேரத்தில விழுந்து எழும்பி அடிபடுகினம், ஒரு இடத்தில சுறாச் செட்டை வேற. என்ன கோதாரி இது? (வாசகர், வவுனியா)

பதில்: யான் வன் ஹாஸ்டரன் கீறினதா இருக்கும், 1936இல பிறந்த சித்திரக்கதை ஓவியர். எந்தப் படமெண்டாலும் ஒரு சுறாச் செட்டை ஒளிச்சு வைப்பார், தரையில எண்டாலும் வைப்பார். கனக்கப் படத்தில சின்டர்க்ளாஸும் எங்கயாவது நிப்பார், மே மாசத்துக் கடற்கரை எண்டாலும் சரி. போட்டுகளை விட இவற்ற படத்தில பண்டிகை உண்மையாக் கிடக்கு எண்டு எனக்கொரு எண்ணம், போட்டில எல்லாரும் ஒழுங்கா வரிசையில போகினம், இதில வெறிகாரன் விழுறான், நாய் இறைச்சியோட ஓடுது, பொலிஸ் பாத்துக்கொண்டு நிக்குது. இனித் திரும்ப உடைச்சுப்போட்டுச் செட்டையை முதல் கண்டுபிடிக்கிறவருக்கு ஒரு ஐஸ்கிறீம் எண்டு பிள்ளையளிட்டச் சொல்லுங்கோ.

கேள்வி: ஏப்பிரலில ஹொலண்டுக்குப் போன தம்பி எல்லாரும் செம்மஞ்சள் உடுப்போட றோட்டில பழைய சாமான் விக்கிறதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில போட்டிருக்கிறான், அதில விளையாட்டுப் போட்டுகளும் குவிஞ்சு கிடக்கு. என்ன பண்டிகை? (வாசகி, மல்லாவி)

பதில்: ராசாவின்ர பிறந்தநாள், ஏப்பிரல் 27. ஞாயிற்றுக்கிழமை வந்தா ஒரு நாள் முந்திக் கொண்டாடுவினம், 2025இல அப்பிடி 26ஆம் திகதிதான். 1885இல குட்டி இளவரசி வில்ஹெல்மினாவின்ர பிறந்தநாளுக்கு ஓகஸ்ட் 31இல தொடங்கினது, 1949இல மகள் யூலியானாவின்ர ஏப்பிரல் 30க்கு மாறினது, அடுத்து வந்த பியாட்ரிக்ஸ் ராணிக்குப் பிறந்தநாள் ஜனவரி 31, அந்தக் குளிரில ஆர் வெளியில வாறது, அதால தாயின்ர திகதியையே வச்சிருந்தவ. 2014இல இருந்துதான் 27. அண்டைக்கு ஆரும் லைசன் இல்லாமல் தெருவில பாயை விரிச்சு விக்கலாம், பிள்ளையள் தாங்கள் விளையாடி முடிச்ச போட், பொம்மை, புத்தகம் எல்லாத்தையும் கொண்டந்து பரப்பி விலை பேசுங்கள். டிசம்பரில மேசைக்கு வந்த போட் ஏப்பிரலில தெருவுக்கு வந்து வேற வீட்டு மேசைக்குப் போகும். தம்பியிட்டச் சொல்லுங்கோ, அண்டைக்கு வாங்கிற பெட்டியைத் திறந்து காய் சரியோ எண்டு எண்ணிப்போட்டுக் காசைக் குடுக்கச்சொல்லி.

கேள்வி: எங்கட தாயமும் உந்த வாத்துப் போட்டும் சொந்தமோ? (வாசகர், நெடுங்கேணி)

பதில்: இல்லை. வாத்துப் போட்டில யோசிக்க ஒண்டுமில்லை, விழுந்ததுக்குப் போறது மட்டும்தான். தாயத்தில எந்தக் காயை எடுக்கிறது, ஆரை வெட்டுறது எண்டு மூளை வேணும். ஒல்லாந்தர் வீடுகளில கிடக்கிற இன்னொரு போட், "மனுசா கோவிக்காதை" எண்ட கருத்தில பேர், அதுதான் எங்கட பக்கத்துச் சொந்தம், இந்தியப் பச்சீசியில இருந்து லூடோவும் அதுவும் கிளைச்சது. வெட்டுப்பட்டவன் கோவிக்கிறது மட்டும் எல்லா ஊரிலயும் ஒண்டுதான்.

கேள்வி: நான் ஆரம்பப் பாடசாலை ரீச்சர். பிள்ளையளைக்கொண்டு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலை வச்சு இப்பிடியொரு போட் செய்விக்க ஆசை. எப்பிடித் தொடங்குறது? அந்த மண்டையோட்டுக் கட்டத்தை என்ன செய்யிறது எண்டுதான் யோசினையாக் கிடக்கு, எங்கட பிள்ளையளுக்கு அது விளையாட்டு இல்லை. (ஆசிரியை, புதுக்குடியிருப்பு)

பதில்: ரீச்சர், அந்தக் கட்டத்தை யோசிக்காமல் தூக்குங்கோ. ஒரே ஒரு பெரிய பிரிஸ்டல் போட் வாங்கி 63 கட்டத்தைச் சுருளாக் கீறுங்கோ. வாத்துக்குப் பதிலா நந்திக்கடல் கொக்கு. 5இல முதல் கொக்கு, பிறகு 4, 5, 4, 5 எண்டு கூட்டிக்கொண்டு போங்கோ, 9, 14, 18, 23 எண்டு 59 வரைக்கும் வரும், பிள்ளையளே கணக்காச் செய்யட்டும்.

படம் கீற முதல், ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டில அம்மம்மாவிட்டயோ அப்பப்பாவிட்டயோ ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு வரச்சொல்லுங்கோ: பொங்கல் நேரம் என்ன செய்யக்கூடாது? என்ன செய்யிறது எண்டு கேட்டா எல்லாரும் பொங்கல் பொங்குறது எண்டு ஒரே பதில்தான் சொல்லுவினம், செய்யக்கூடாதது எண்டா ஆளுக்கொரு கதை வரும். அதுகள்தான் உங்கட தண்டனைக் கட்டம். மச்சக்கறி மணந்தா தோய்ஞ்சிட்டு வா எண்டு மூண்டு கட்டம் பின்னுக்கு, இப்பிடி.

தொடக்கக் கட்டத்தில பொங்கலுக்கு முதல் நடக்கிற பாக்குத்தெண்டல் சடங்கு. 6இல பாலம், வட்டுவாகல் பாலத்தைப் போடலாம், அந்தப் பாலத்துக்குப் பெரியாக்களிட்ட வேற, யுத்தகால நினைவு இருக்கு, ஆனா அதுக்கு மேலால கோயிலுக்குப் போற பிள்ளைக்கு அது கோயிலுக்குப் போற பாலமும்தான், போடுறதோ விடுறதோ எண்டு நீங்கள் பிள்ளையளைப் பாத்து முடிவெடுங்கோ. 19இல சத்திரத்துக்குப் பதிலா தண்ணீர்ப்பந்தல், வைகாசி வெயிலுக்கு மோரைக் குடிச்சிட்டு இருந்திட்டான், ஒரு தரம் போச்சு. 31 கிணறு கிணறாவே இருக்கட்டும், கால் முகம் கழுவக் கியூவில நிக்கிறான், அடுத்த ஆள் வந்து வாளியை வாங்கினாத்தான் போகலாம். 42இல விளையாட்டுச்சாமான் கடையளுக்குள்ள சுத்துப்பட்டது. 52 மறியலும் வேண்டாம், அதில பஸ் தரிப்பு, இன்னொருத்தர் வந்து கூட நிண்டாத்தான் பஸ் நிப்பாட்டும் எண்டு சொல்லுங்கோ, பிள்ளையள் நம்புங்கள், அனுபவம் அப்பிடி. இடையில காட்டா விநாயகர் கோயில், மடைப்பண்டம் (படையல் சாமான்) போற ஊர்வலம், காவடி, பாற்செம்பு எல்லாம் வர வேணும்.

58க்கு எனக்குத் தோன்றினது இது. சிலாவத்தைக் கடலில போய்த் தீர்த்தம் எடுத்து, அந்தக் கடல்தண்ணியிலதானே விளக்கெரிக்கிறது. 58இல வாறவன் குடத்தைத் தட்டி ஊத்திப்போட்டான், திரும்பக் கடற்கரைக்குப் போய் மொண்டுகொண்டு வரட்டும். சாவில்லாமல் அதே ரூல் வேலை செய்யும், பிள்ளைக்கும் காரணம் விளங்கும். கோயில் சம்பந்தப்பட்டது எண்டதால போட்டைக் கீறி முடிக்க முதல் ஊர்ப் பெரியாக்கள் ஒராளிட்ட ஒருக்காக் காட்டுங்கோ, தீர்த்தம் ஊத்துப்படுறதை விளையாட்டாப் போடாதேங்கோ எண்டு சொன்னா, தேங்காய் எண்ணெய்ப் போத்தலை வீட்டில மறந்து விட்டிட்டு வந்திட்டான் எண்டு மாத்துங்கோ, அதுவும் நடக்கிறதுதான். 63இல வளந்துப் பானை பொங்கி வழியட்டும். நிறம் தீட்ட பிளாட்டிக்னம் பேனையை விட பஸ்டல் நல்லம், பேனை போட்டின்ர பின்பக்கம் ஊறும்.

கேள்வி: போட் இருக்கு, தாயக்கட்டை ரெண்டும் துலைஞ்சு போச்சு. சோகி போட்டு விளையாடலாமோ? (வாசகன், ஆண்டு 8, ஒட்டுசுட்டான்)

பதில்: விளையாடலாமடா தம்பி, ஆறு சோகி எடுத்து ரெண்டு தரம் போட்டுக் கூட்டு, வாய் மேல பாத்து விழுந்ததை மட்டும் எண்ணு, ஒண்டும் பாக்காட்டி அந்தத் தரத்தைத் திரும்பப் போடு. ஆனா ஒண்டு, தாயக்கட்டையில 1 விழுறதும் 6 விழுறதும் ஒரே வாய்ப்பு, சோகியில அப்பிடியில்லை. நேர்மையான சோகி எண்டு வச்சுக்கொண்டா 3 விழுறதுக்கு 64இல 20 வாய்ப்பு, 6 விழுறதுக்கு ஒண்டே ஒண்டுதான். அதால முதல் எறியிலயே 6ம் 3ம் விழுந்து 26க்குப் பாயுறது குதிரைக்கொம்பு, 5ம் 4ம் விழுறது அதைவிடச் சுகம். ரெண்டையும் கூட்டி 6 வாறது கனக்க நடக்கும், எண்டபடியா எல்லாரும் தொடக்கத்தில பாலத்தில ஏறி 12இல போய் நெருக்குப்படுவியள். ஒரு கட்டத்தில ரெண்டு காய் நிண்டா வந்தவர் இருக்க, முந்தி நிண்டவர் வந்தவற்ற பழைய இடத்துக்குப் போறது எண்டு ஒரு சட்டம் பல வீடுகளில இருக்கு, அதை முதலே பேசி முடிவெடுத்திட்டு இருங்கோ, நடுவில பேசினா சண்டைதான் வரும்.